போஸ்டரில் மண்டியிட்ட அப்பா எழுதுவது

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே குழாயில் பல் தேய்க்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. போன வாரம் உன் அம்மா அதில் ஒன்றை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உன்னிடம் நீட்டினாள். பேரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். "கரெக்டா கீதும்மா" என்றாய். உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயரை நீ படித்ததாகவே எனக்குத் தெரியவில்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் வந்து உட்கார்ந்தால் நீ எழுந்து போகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திறக்காமலே விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் இந்த நோட்டை உன் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். நம் பெயர்களை எடுத்துவிட்டு இதன் நகலை ஒரு மாத இதழுக்கும் அனுப்பப் போகிறேன். என்னைப் போல இன்னொரு அப்பன் படித்தால் படிக்கட்டும். நீ படிப்பாயா என்பது எனக்குத் தெரியாது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிளஸ் ஒன் பாதியில் பையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவன். எந்த இடத்திலும் என்னால் நிலையாக இருக்க முடிந்ததில்லை. லேத் பட்டறை, ஷேர் ஆட்டோ, லாரி கிளீனர், கார் சீட் தைக்கிற கம்பெனி என்று வருஷத்துக்கு ஒன்றாகத் தாவினேன். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். பத்தொன்பது வயதில் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ரிஜிஸ்டர் ஆபீசில் எனக்கு வயது பற்றாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டினேன். இரண்டு வீட்டிலும் எங்களை வருஷக்கணக்கில் சேர்க்கவில்லை. நாற்பத்தொரு வயதில் எனக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் மகன். பஸ்ஸில் நம்மை அண்ணன் தம்பி என்று நினைத்தவர்கள் உண்டு. சின்ன வயதில் நீ அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பிடித்த ஆளோடு இருக்க வேண்டும் என்ற வெறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் பென்னலூரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இருக்க மாட்டான். தெரிந்தும் உன்னிடம் அப்படி நடந்துகொண்டேன். தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

நீ சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உன் அம்மா பிரியாணி செய்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே உன் மாமா பெண்ணைப் பற்றிப் பேச்சு எடுத்தாள்.

"எனக்குப் பொண்ணு பாக்காதம்மா" என்றாய்.

"ஏன்டா, ஆல்ரெடி பாத்து வெச்சிகினியா?" என்று நான்தான் சிரித்தேன். "யாரு, ஓரகடம் கம்பெனிப் பொண்ணா? சொல்லு, அப்பன் மாதிரி இஸ்துகினு ஓடாத. நானே வந்து பேசறேன்."

"பொண்ணு இல்லப்பா. எனக்குப் பொண்ணுங்க மேல அது வர்ல. பசங்க மேலதான் வருது. ரொம்ப வருஷமாவே."

"இன்னாடா பேசற, சோத்துல கைய வெச்சிகினு" என்றாள் உன் அம்மா. அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன். வெளியே போகப் போகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கையால் அடித்திருந்தால் அப்பன் அடித்தான் என்று ஆகியிருக்கும். செருப்பால் அடிப்பது வேறு. தெருவில் எதிரியை அடிக்கிற அடி அது. முதுகிலும் கழுத்திலும் அடித்தேன். நீ தடுக்கவில்லை. சாப்பிட்ட கையை மட்டும் தட்டுக்கு மேலேயே வைத்திருந்தாய், சோறு தரையில் சிந்தக்கூடாது என்பது போல. அதற்குப் பிறகு எட்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. நீ ஓரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் போய்க்கொண்டிருந்தாய். நீ ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் பார்த்து நான் வெளியே கிளம்பிவிடுவேன்.

நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். லைனில் முடிந்து வரும் ஷூவை எடுத்து, பசை வழிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லாததைச் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். ஒரு நாள் காலையில் புது மாடல் வந்தது. வெள்ளை ஷூ, குதிகாலில் வானவில் பட்டை. எடுத்து எண்ணினேன். ஆறு கலர்தான் இருந்தது. அடுத்த ஜோடியிலும் ஆறு. வானவில்லுக்கு ஏழு கலர் என்பது பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி நான் கற்றுக்கொண்ட ஒரு சில விஷயங்களில் ஒன்று. ஆபீஸ் சுவரில் தொங்கும் சாம்பிளை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றுக்குச் சாம்பிள் எதற்கு என்று விட்டுவிட்டேன். வந்ததையெல்லாம் சிவப்பு டப்பாவில் போட்டேன். டப்பாக்கள் நிறைந்து தரையில் அடுக்க ஆரம்பித்தபோதுதான் சூப்பர்வைசர் ஆறுமுகம் ஓடி வந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிகிற? லைன் மொத்தத்தையும் ரிஜெக்ட்ல போட்டுகிற?"

"ஒரு கலரு மிஸ்ஸிங் சார். நீங்களே எண்ணுங்க."

அவரும் எண்ணினார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. லைனை நிறுத்தினார்கள். ஆபீசிலிருந்து நிவேதா மேடம் வந்தாள். வெளிநாட்டு ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் சென்னைப் பெண், உன்னைவிட மூன்று நான்கு வயது பெரியவள். டப்பாக்களைப் பார்த்து முதலில் பயந்தாள், பிறகு சிரித்துவிட்டாள்.

"அண்ணா, இது மழை வானவில் இல்ல. ப்ரைட் கலர்ஸ். ப்ரைட்னா பெருமை. இதுல ஆறுதான் இருக்கும்." ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், இவர்கள் எல்லோருக்கும் ஒரு கொடி இருக்கிறது, வருஷத்தில் ஒரு மாதம் அந்தக் கொடி போட்ட துணியும் ஷூவும் வெளிநாட்டுக் கடைகளில் நன்றாகப் போகும் என்று விளக்கினாள்.

"அப்போ ஒம்போதுங்களுக்குன்னு தனி ஷூவா மேடம்?" என்றார் ஆறுமுகம். லைனே சிரித்தது.

முட்டாள்தனம் செய்து மாட்டிக்கொண்டவன் நான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் வேறு எதையாவது காட்டிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. "ஆமா சார், எங்க வூட்ல ஒண்ணு கீது. அதுக்கும் ஒரு ஜோடி எடுத்து வெய்யுங்க" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நிவேதா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்து உன் ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை எண்ணினேன். ஆறு. எத்தனை மாதமாக அதை நீ தலையில் போட்டுக்கொண்டு என் முன்னால் போய் வந்திருக்கிறாய்.

உன் கதையைக் கம்பெனியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான், அதுவும் ஒரு ஜோக்காக. இதை நீ இதுவரை அறியமாட்டாய். அடுத்த வாரம் ஹெச்.ஆர். ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து தூக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் போனேன். ஏசி ரூமில் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அந்த ஷூவை ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியை நாங்கள் பையர் என்போம். அந்தப் பையருக்கு ஒரு கதை வேண்டுமாம். "இந்த ஷூவைச் செய்யற கையே ஒரு அப்பாவோட கை. அந்த அப்பாவோட பையனே அதைப் போட்டுக்கறான். இப்படி ஒரு கதை யார்கிட்டயும் இல்லண்ணா" என்றார் ஹெச்.ஆர். சார். அதுவரை என்னை 'யோவ்' என்று கூப்பிட்ட வாய் அது. பிறகு கேட்டார்: "நீங்க பையனை ஏத்துக்கிட்டீங்கல்ல?" நான் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். "ஏத்துகினேன் சார்" என்றேன். உனக்கு இங்கே பர்மனென்ட் வேலை என்று சொன்னார். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகு வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு உன்னிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "டேய், கம்பெனில உன்ன வரச் சொல்றாங்க." விஷயத்தைச் சொன்னேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னப் பத்தி நீயே சொன்னியாப்பா? வெளில, எல்லார் எதிர்லயும்?"

"சொன்னேன்."

உன் முகம் எப்படி மாறியது என்று நான் பார்த்தேன். அப்பன் மாறிவிட்டான், ஊர் எதிரில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துவிட்டாய். நான் திருத்தவில்லை. கம்பெனி உன்னை நல்லவன் என்று சொன்ன பிறகுதான் எனக்கு நீ நல்லவனாகத் தெரிந்தாய். வீட்டில் இருபது வருஷம் பார்த்த பிள்ளைக்கு மரியாதையான ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை, தெரிந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. தன்பாலீர்ப்பு என்ற சொல்லையே அந்தக் கம்பெனி கொடுத்த காகிதத்தில்தான் முதலில் படித்தேன்.

ஷூட்டிங் நம் வீட்டில் நடக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா. நம் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, டைல்ஸும் கிரில் கேட்டும் பைக்கும் இருப்பதால், ரொம்ப சாதாரணமாக இருக்கிறது என்றார்கள். தண்டலம் தாண்டி ஒரு காலேஜுக்குப் பின்னால் யாரும் குடியில்லாத ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்தார்கள். எங்கிருந்தோ ஒரு ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். நான் ஆடு வளர்த்ததே இல்லை, தட்டில்தான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். நீ சிரித்தாய். எட்டு மாதத்துக்குப் பிறகு நான் சொன்னதற்கு நீ சிரித்த முதல் சிரிப்பு. எனக்கு ஒரு பழைய வேட்டி கொடுத்து, பனியனைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு டைரக்டர் சொன்னார், அப்பா மண்டி போட்டு மகன் காலில் ஷூவை மாட்டி லேஸ் கட்ட வேண்டும்.

"சார், எங்க பக்கம் பெத்தவன் புள்ள கால தொட மாட்டான். அவன்தான் என் கால்ல வுழணும்."

"அதாண்ணா விஷயமே. அதான் போட்டோ."

நீ என் காதருகில் வந்து, "வேணாம்னா சொல்லுப்பா, போய்டலாம். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். உன் வேலையை நினைத்து நான் மண்டி போட்டேன். எத்தனை தடவை மாட்டிக் கழற்றினேன் என்று எண்ணவில்லை. கொஞ்சம் மேலே பாருங்கண்ணா, சிரிக்காதீங்கண்ணா, கண்ணுல ஒரு இது வேணும்ணா. நடுவில் எப்போதோ நீ அழ ஆரம்பித்தாய். "துடைக்காதீங்க ப்ரோ, அப்படியே இருங்க" என்றார்கள். நீ நடிக்கிறாய் என்றுதான் நானும் நினைத்தேன். நன்றாக நடிக்கிறானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பைக்கில் திரும்பும்போது ஹைவே ஓரத்து டீக்கடையில் நிறுத்தச் சொன்னாய். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், லாரிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்.

"இன்னிக்கு என் கால தொட்டியே, அது நெஜமாப்பா?"

"ஷூட்டிங்னா அப்பிடித்தான்டா. அவன் சொன்னான், செஞ்சேன்."

"சரிப்பா."

டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளாசை வைத்தாய். தம்பி, அது நிஜம். முதலில் இல்லை, முதல் சில தடவை கம்பெனிக்காகத்தான் மாட்டினேன். ஏழோ எட்டோ, ஏதோ ஒரு தடவையில் உன் வலது கணுக்காலில் இருக்கும் தழும்பு கையில் பட்டது. ஐந்து வயதில் என் சைக்கிள் சக்கரத்தில் காலை விட்டுக்கொண்டாயே, அது. அப்போது உன்னைத் தூக்கிக்கொண்டு நான் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தக் கால்தான் இது என்று தோன்றிய பிறகு லேஸ் கட்ட வரவில்லை. டைரக்டருக்கு அது பிடித்துப்போய், அதைத்தான் போஸ்டரில் போட்டார். டீக்கடையில் இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் பக்கத்தில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்துவிடும் என்று நினைத்தேன். உலகம் முழுக்க ஒட்டப்போகும் படத்துக்கு மண்டி போட்டவன், பஜ்ஜி தின்கிற இரண்டு பேருக்குப் பயந்தேன்.

போஸ்டர் வந்தது. கம்பெனி கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ், சென்னை மால் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று, போனில் எங்கே பார்த்தாலும் ஒன்று. 'முதல் நாளிலிருந்தே என் அப்பா என் பக்கம்' என்று இங்கிலீஷில் நீ சொல்வது போல எழுதியிருந்ததாக நிவேதா படித்துச் சொன்னாள். நீ அதைப் படித்திருப்பாய். பொய் என்று யாரிடமும் நீ சொல்லவில்லை. நம் தெருவில் நீ யாரை விரும்புகிறாய் என்பதைக்கூட சினிமா மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டார்கள். அப்பன் மகன் காலடியில் இருக்கும் படத்தைத்தான் யாராலும் விட முடியவில்லை. உன் மாமா வீட்டுக்குள் வந்து நின்றபடியே கேட்டான், "இன்னா மச்சான், பெத்த மவன் கால்ல வுழுந்தியாமே. இன்னும் இன்னா பாக்கி கீது?" உன் அம்மா அன்று முழுக்கச் சமைக்கவில்லை.

உனக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் எனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. உன் கம்பெனி கேன்டீனில் உன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உன் லாக்கரில் கலர் டேப் ஒட்டினார்கள். பஸ்ஸில் உன் சீட்டுக்குப் பின்னால் இருந்து யாரோ செல்லில் முத்தச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தானாமே. இரண்டாவது மாதம் காண்ட்ராக்டர் கூப்பிட்டு, "உன் மேல தப்பு இல்ல தம்பி, ஆனா பிரச்சினை வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். எங்கள் ஹெச்.ஆரிடம் போனேன். அந்த வேலை, அந்த பர்மனென்ட்? இந்த சீசன் முடியட்டும் என்றார்கள். சீசன் முடிந்தது. அடுத்த சீசன் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த சீசனில் அந்த ஆர்டரே வரவில்லை.

"பையர் இந்த வருஷம் அந்தக் கலெக்‌ஷனே பண்ணலண்ணா. அவங்க ஊர்ல காத்து மாறிடுச்சு."

"எம்மவன் மாறலியே சார்."

"புரியுதுண்ணா" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று நிவேதாவிடம் கெஞ்சினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படம் பையருடையது, நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், எங்கே எடுக்கச் சொல்வது என்று அவளுக்கே தெரியாது என்றாள். சின்ன வேலையில் இருக்கும் நல்ல பெண், அவளைத் திட்ட எனக்கு மனது வரவில்லை. கேட்டில் இருந்த ஃப்ளெக்ஸைக் கழற்றி மழைக்கு டூ வீலர் ஸ்டாண்டின் மேல் கட்டினார்கள். இந்த வருஷம் குதிகாலில் சூரியகாந்திப் பூ. அதைத்தான் இப்போது நான் செக் செய்கிறேன்.

உன் சிநேகிதனைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரூமில் தங்கியிருந்த திருநெல்வேலிப் பையன். அவன் யார் என்று நீ என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊருக்குப் போவதற்கு முன்னால் அவன் என்னை வந்து பார்த்தான். கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றிருந்தான். உன்னோடு அவன் எடுத்த ஒரு போட்டோவை யாரோ அந்தப் போஸ்டரோடு சேர்த்து அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"அவனுக்கு நீங்க இருக்கியன்னு போஸ்டர்ல போட்டுருக்கு அங்கிள். எனக்கு யாரு இருக்கா? எங்கய்யா என்னைய வெட்டிருவாரு. அவன்ட்ட சொல்லிருங்க, தேட வேண்டாம்னு."

அவனை இங்கேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஓடி வந்த எனக்கும் உன் அம்மாவுக்கும் பேர் தெரியாத ஒரு ஆட்டோக்காரர் இரண்டு மாதம் இடம் கொடுத்தார். அப்படி ஒருவன் இருந்தால் போதும், இரண்டு பேர் பிழைத்துக்கொள்வார்கள். நான் அவனுக்கு அந்த ஒருவனாக இல்லை. "பாத்துப் போப்பா" என்றேன். அவன் சொன்னதை உன்னிடமும் சொல்லவில்லை. அவன் உன்னை விட்டுவிட்டுப் போனான் என்று நீ இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை. பயந்து போனான். அவன் நம்பர் இப்போது இல்லை. நானும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ எதற்கும் மறுத்துப் பேசவில்லை. உன் அம்மா, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப்பூடும்டா, நான் கேட்டுகினேன், நெறைய பேருக்கு ஆயிருக்கு" என்று சொன்னபோது டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை அதிலிருந்து எடுக்காமல், "சரி, பாரும்மா" என்றாய். அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாய். நான் ஸ்கோரைப் பார்த்தேன். அவளை நீ குற்றம் சொல்லாதே. அவள் நம்புகிறாள். எனக்கு நம்பிக்கையும் இல்லை, வாயும் திறக்கவில்லை.

இந்தக் கல்யாணத்தில் உன் வாழ்க்கை மட்டும் இல்லை. வாலாஜாபாத் பக்கத்துப் பெண் அது. செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறது. நின்று நின்று கால் வீங்கிப்போகிறது என்று அதன் அம்மா சொன்னாள். போஸ்டரை அவர்களும் பார்த்திருக்கிறார்கள், கம்பெனி விளம்பரத்துக்காக நடித்தது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். போன புதன்கிழமை எனக்கு லீவு. உங்கள் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'சம்பந்தி, எம்மவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் கிடையாது, உங்க பொண்ணு வாழ்க்கைய கெடுக்காதீங்க.' இரண்டு வரி. எந்த சூப்பர்வைசரிடமும் இதைவிடப் பெரியதாகப் பேசியிருக்கிறேன்.

அவள் அப்பா என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க சம்பந்தி, சொல்லாம வந்துட்டீங்க, ஒரு கறி எடுத்திருப்பேனே" என்றார். சேரைத் துடைத்துப் போட்டார். பெண் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா பந்தல்காரனிடம் போனில் பேச எழுந்து வெளியே போனார். எனக்கு இதுதான் சமயம் என்று தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே. அவரு ஏன் மாமா என்கூட போன்லயே பேச மாட்டேங்கறாரு? நானா போட்டாலும் ம், சரி, அப்படின்றாரு, வெச்சிட்றாரு. அவருக்கு என்னப் புடிக்கலியா? அப்படி இருந்தா இப்பவே சொல்லிடுங்க மாமா, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

யோசித்துப் பார், தம்பி. நான் சொல்ல வேண்டியதை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ பிழைத்திருப்பாய், அவளும் பிழைத்திருப்பாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவனுக்கு வெக்கம்" என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான் வேற இன்னான்னமோ நெனச்சி ரெண்டு நாளா தூங்கல மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். "எம்மா, அவருக்கு வெக்கமாம்மா" என்று அடுப்படியில் சொல்வது கேட்டது. அவள் அம்மாவும் தங்கையும் சிரித்தார்கள். வெளியிலிருந்து அவள் அப்பா வந்து என்ன விஷயம் என்று கேட்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு இடத்தில் பைக்கை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

அப்பன் என்றால் கடிதத்தில் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும். தைரியமாக இரு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஓடிப்போ என்று சொல்லலாம், நான் ஓடினேன். ஆனால் நான் ஓடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். உன்னோடு இருந்தவனை நானே பார்த்துப் போ என்று அனுப்பிவிட்டேன். கம்பெனிகளையும் கொடிகளையும் நம்பு என்று சொல்ல மாட்டேன், அடுத்த வருஷம் ஆறு கலர் திரும்பி வந்தாலும் வரும், அதற்கு உன் பெயர் தெரியாது. எல்லாம் சரியாகும் என்று எழுதத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். எழுத எழுத அது எங்கேயும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துணி எடுக்க நம்மோடு வருகிறார்கள். அவளும் வருவாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். அவள் உன்னோடு தனியாக நிற்கும் ஒரு நிமிஷம் கட்டாயம் வரும். அவள் கேட்பாள். கேட்கிற பெண் அவள். நீ வழக்கம் போல ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்ப்பாய், அப்பன் இந்த முறையாவது ஏதாவது சொல்வானா என்று. பார்க்காதே. நான் சொல்ல மாட்டேன். என்னை எனக்கு நன்றாகத் தெரியும், அந்த நேரத்தில் நான் ஏதாவது ஒரு புடவையின் விலையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்காகக் காத்திருக்காமல் நீயே அவளிடம் சொல்லிவிடு.

அப்பா